ரெண்டாவது வருஷம் யாருக்குச் சொந்தம்?

'ரிப்பீட்டர்' என்று ஒரு சொல் நம் சேரிகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், அடுத்த வருஷமும் எழுதுவதற்காக வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பெயர். ஆனால் இந்தச் சொல் எல்லாத் தெருவிலும் ஒரே அர்த்தத்தில் புழங்குவதில்லை. டவுனில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டரின் மகன் ரிப்பீட்டர் என்றால், 'தம்பி லாங் டெர்ம் கோச்சிங்ல இருக்கான்' என்பார்கள். அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. காலனியில் சித்தாள் வேலைக்குப் போகிறவளின் மகள் ரிப்பீட்டர் என்றால், 'சும்மாதான் வீட்ல கெடக்குது' என்பார்கள். புத்தகம் ஒன்று. எழுதப்போகிற பரீட்சையும் ஒன்று. ஒரு வீட்டுக்கு அந்த வருஷம் முதலீடு. இன்னொரு வீட்டுக்கு அது தண்டம்.

தகுதி, திறமை என்று நாற்பது வருஷமாக நம் காதில் ஓதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. நாம் திறக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு 1984இல் வந்தது. 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். 2007 தொடங்கி 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவக் கல்லூரி இடங்கள் நிரப்பப்பட்டன. 2017இல் நீட் வந்து உட்கார்ந்தது. இதனால் என்ன நடந்தது என்று ஆராய, நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த குழு 2021இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையில் பலரும் பல விஷயங்களை எடுத்துப் பேசினார்கள். நமக்கு முக்கியமானது ஒரே ஒரு கணக்கு. 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பிளஸ் டூ முடித்து மறுவருஷமோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் அது 71.42 சதவீதம்.

இந்த ரெண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. முன்பு நூற்றில் பன்னிரண்டு பேர் செய்ததை இப்போது நூற்றில் எழுபத்தொரு பேர் செய்கிறார்கள். அப்படியானால் முதல் தடவையில் இடம் கிடைக்காதது 'தோல்வி' ஆகுமா? அதுதான் இப்போதைய பொதுவழி. மருத்துவக் கல்லூரிக்குள் போகிற பாதை பிளஸ் டூவோடு முடியவில்லை, பதின்மூன்றாவது வகுப்பு என்று ஒன்று எழுதப்படாமலே நடக்கிறது. அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வாத்தியார் கிடையாது, மதியச் சாப்பாடு கிடையாது. யாரிடம் காசும் காலமும் இருக்கிறதோ அவர்கள் மட்டும் படிக்கிற வகுப்பு அது.

முந்தைய முறை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பிளஸ் டூ மதிப்பெண் காலத்திலும் நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே ஓட்டின. அப்போதும் ஒரு வருஷத்தை விலைக்கு வாங்கத்தான் செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் திருட்டுத்தனமாக நடந்த வியாபாரம் இப்போது தெருவில் பேனர் கட்டி நடக்கிறது, அவ்வளவுதான்.

காலம் எல்லாருக்கும் பொது, ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணிநேரம் எல்லாருக்கும் உண்டு என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள். சுத்தப் பொய். நிலம் எப்படி ஊருக்குச் சொந்தமாக இருக்கிறதோ, குளம் எப்படி ஊருக்குச் சொந்தமாக இருந்ததோ, அப்படியே காலமும் சாதிக்குச் சொந்தமாக இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒரு வருஷம் கூலிக்குப் போகாமல் இருந்தால் தாங்குகிற வீடு எது, தாங்காத வீடு எது என்பதில் அது தெரியும். சென்ட்ரிங் வேலைக்கோ பெயிண்ட் வேலைக்கோ போனால் அன்றைக்கே கையில் காசு. அந்தக் காசை விட்டுவிட்டு விலங்கியல் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிற பையனை அவன் அப்பாவே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தலைமுறை தலைமுறையாக 'சும்மா இருப்பது' நமக்குத் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆண்டையின் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்தால் படிக்கிறான், நம் பிள்ளை உட்கார்ந்தால் சோம்பேறி. இந்தப் பார்வையை ஊர் நமக்குக் கொடுத்தது. அதை நாமே எடுத்து நம் பிள்ளைகள் மேல் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அரசின் கணக்கிலும் இந்த வருஷத்துக்குப் பெயர் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்க வேண்டுமானால் எங்காவது படித்துக்கொண்டிருக்க வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்க வேண்டுமானால் ஒரு கல்லூரியின் பெயர் வேண்டும். பஸ் பாஸுக்கும் அதே கதை. ரிப்பீட்டர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஆகவே அவன் மாணவன் இல்லை. வேலைக்கும் போகவில்லை, ஆகவே தொழிலாளியும் இல்லை. தலித் மாணவருக்கு என்று இந்த அரசிடம் இருக்கிற எல்லாத் திட்டமும், அந்த மாணவருக்கு எப்போது மிகவும் தேவையோ அந்த ஒரு வருஷத்தில் கையை விரிக்கிறது. கொஞ்சம் பேரைப் பொறுக்கி எடுத்து நடத்துகிற இலவசப் பயிற்சிகள் அங்கங்கே உண்டு. நல்லதுதான். ஆனால் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது சலுகை. எல்லாருக்கும் கிடைத்தால்தான் உரிமை.

*

'தகுதி' என்ற பேச்சு மருத்துவக் கல்லூரி வாசலில்தான் ரொம்பக் காலமாக உட்கார்ந்திருக்கிறது. 1950இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து வழக்குப் போட்டவர் செண்பகம் துரைராஜன். தான் பிராமணர் என்பதால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது அவர் வழக்கு. உச்சநீதிமன்றம் 1951இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு விசேஷம் உண்டு. அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. தமிழ்நாட்டில் எழுந்த போராட்டத்தால் அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இன்னொன்று. விண்ணப்பமே போடாத ஒருவரின் ஏக்கம் இந்த நாட்டில் அரசியல் சட்டப் பிரச்சினையாகிவிடுகிறது. மூன்று தடவை விண்ணப்பம் போட்டும் வெளியே நிற்கிற நம் பெண்ணின் ஏக்கம் 'அவளுக்கு வராது, விட்ருங்க' என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. பாபாசாகேப் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது 750க்கு 282. இன்றைக்கு ஒரு பிள்ளை இந்த மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வோம்? அன்றைக்கு பம்பாயில் நம் சனங்கள் அதற்குக் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். ஏனென்றால் அந்த 282 எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். எந்த வகுப்பறையின் எந்த மூலையில் கோணியை விரித்து உட்கார்ந்து வாங்கியது என்று தெரியும்.

பாபாசாகேப் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ஜெயித்தவர் என்பதுபோல் மேடையில் பேசுகிறோம். அப்படி இல்லை. 1916இல் லண்டனில் சேர்ந்த படிப்பு, பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் நின்றது. நாலு வருஷத்துக்குள் திரும்பி வந்து படிக்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போன இடத்தில் தங்குவதற்கு ஒரு அறை இல்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். 1918இல் சிடென்ஹாம் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவிடம் உதவி வாங்கி, நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கி, 1920இல் மறுபடி லண்டன் போனார். அங்கேயும் அவருடைய டி.எஸ்ஸி. ஆய்வேட்டை அப்படியே ஏற்கவில்லை, திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்தி எழுதினார். 1923இல் பட்டம் வந்தது.

இன்றைய பாஷையில் சொன்னால் அவர் மூன்று வருஷம் 'கேப்' விழுந்தவர். திருப்பி அனுப்பப்பட்டவர். இதை அவருடைய தனிப்பட்ட மனவுறுதியின் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அந்த மூன்று வருஷத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு சம்பளம், ஒரு உதவி, ஒரு கடன் தேவைப்பட்டது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியதும் அது செய்த முதல் வேலைகளில் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. 'நல்லாப் படி தம்பி' என்று புத்தி சொல்லிவிட்டு அவர் போகவில்லை. படிக்க ஒரு கூரை போட்டுக் கொடுத்தார். நம் பக்கத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியதும் இதே புரிதலில்தான். நந்தன் நுழைய முடியாத ஊரில் நந்தன் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தங்க இடமும்.

*

பெண்பிள்ளைகள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. ஆண் ரிப்பீட்டருக்கு வீட்டில் எப்படியோ ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. டீ கையில் வருகிறது. பெண் ரிப்பீட்டர்? 'வீட்லதான இருக்கே' என்ற ஒரு வார்த்தையில் தண்ணி எடுப்பது, சோறாக்குவது, தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அவள் தலையில் விழுகிறது. நாலு மாதம் போனால் அத்தை வருவாள். 'அண்ணே, பொம்பளப் புள்ளய இன்னும் எத்தன வருசம் வெச்சிருக்கப் போறே?' ஆணுக்கு ரெண்டாவது வருஷம் வாய்ப்பு, பெண்ணுக்கு அது கெடு. ஊர் நமக்குச் செய்கிற அதே அநியாயத்தை நம் வீட்டுக்குள் நாம் நம் பெண்ணுக்குச் செய்துகொண்டு விடுதலை பேச முடியாது. காலனியில் ஒரு பெண் மறுபடி பரீட்சை எழுதப் படிக்கிறாள் என்றால், அவள் அடுப்படி வேலையை அந்த ஒரு வருஷம் யார் செய்வது என்பதும் இயக்கப் பிரச்சினைதான். அதை அவள் அண்ணன் செய்யட்டும். தெருமுனைக் கூட்டத்தில் முழங்குகிற நம் தோழனாகவும் அவன் இருக்கக்கூடும்.

*

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: 'நீட்டை எதிர்க்கிறோம். எதிர்த்துக்கொண்டே அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்தால் அது நீட்டை ஒத்துக்கொண்டதாகாதா?' நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும்.

நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு மசோதா போய்த் திரும்புவதற்குள் மூன்றரை வருஷம். அந்த மூன்றரை வருஷத்தில் பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகள் எங்கே போனார்கள்? மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போனவர்கள் எத்தனை பேர்? போராட்டம் ஜெயிக்கிற வரைக்கும் காத்திரு என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கிணற்றில் தண்ணி எடுக்கும் உரிமைக்குப் போராடியவர்கள் அதுவரை தண்ணி குடிக்காமல் இருக்கவில்லை. நீட்டை ஒழிக்கப் போராடுவதும், இன்றைக்கு நீட் எழுதுகிற பிள்ளைக்கு ஒரு விளக்கும் ஒரு நாற்காலியும் கொடுப்பதும் ஒரே அரசியலின் ரெண்டு கைகள்.

அந்தப் பரீட்சையின் யோக்கியதை நமக்குத் தெரியாததல்ல. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழையாகக் கேட்டவர்களுக்கு ஒரு சேதாரமும் இல்லை. பிழையான கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் 'தோத்துட்டாங்க'. தோற்றது கேள்வியா, பிள்ளையா?

2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறை இருந்திருந்தால் அவர் டாக்டர். உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் நின்றார். அந்த செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். தொடர்ந்து இன்னும் பல பிள்ளைகளை இழந்தோம். அவர்கள் படங்களைத் தட்டியில் போட்டு, மாலை போட்டு, வீரவணக்கம் சொல்கிறோம். இதைப் படிக்கிற மாணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாவு போராட்ட வடிவம் அல்ல. நம் சாவைப் பார்த்து இந்த அமைப்பு வெட்கப்பட்டதும் இல்லை, படப்போவதும் இல்லை. நம் விடுதலைக்கு இன்னொரு படம் தேவையில்லை. நீங்கள்தான் தேவை. மதிப்பெண் வந்த நாளில் உலகமே முடிந்ததுபோல் இருந்தால், தனியாக உட்கார வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள், தோழரிடம் சொல்லுங்கள், யாரும் இல்லையென்றால் 104க்குப் போன் போடுங்கள். டாக்டர் ஆகாமலும் முழு வாழ்க்கை உண்டு. மறுபடி எழுதவும் வழி உண்டு. ரெண்டும் உண்மை.

*

சரி, என்ன செய்யலாம்?

ஒவ்வொரு காலனியிலும் இந்த வருஷம் யார் யார் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுங்கள். ஓட்டுக் கணக்கு எடுக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. சமுதாயக்கூடமோ, அம்பேத்கர் மன்றமோ, பகலில் பூட்டிக் கிடக்கிற ஒரு அறையை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஃபேன், விளக்கு, பழைய வினாத்தாள், ஒரு செல்போன் இணைப்பு. மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகள் லீவில் ஊருக்கு வரும்போது ஒரு வாரம் அங்கே வந்து பாடம் சொல்லட்டும். அரசு வேலையில் இருக்கிற நம்மவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை மாலையும் பட்டாசும் வாங்குகிற காசில், ஒரு பிள்ளையின் ஒரு வருஷத்தை வாங்கிக் கொடுக்கட்டும்.

சட்டம் தெரியாமல் ஏமாறுகிற இடங்களும் உண்டு. 'வயசாயிடுச்சு' என்று பயப்படுகிறார்கள். நீட் எழுதுவதற்கான மேல் வயது வரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள். இடையில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு வெளியே வரும்போது சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள். மூலச் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், நாலு தோழர்களோடு போங்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் பிள்ளைகளில் கணிசமானவர்கள் மிஷன் நடத்துகிற அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களும் ஏழைகள்தான், அவர்களுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்ற கோரிக்கையை நாம்தான் எழுப்ப வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் தெளிவானது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஒரு வருஷம் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிற தலித், பழங்குடிப் பிள்ளைகளை மாணவர் என்று அங்கீகரிக்க வேண்டும். விடுதியில் படுக்கை, உதவித்தொகை, பஸ் பாஸ் மூன்றும் அந்த வருஷத்துக்கும் கிடைக்க வேண்டும். 71 சதவீதம் பேர் போகிற பாதைக்கு அரசு பெயர் வைக்க மறுப்பது, அந்தப் பாதையில் காசுள்ளவன் மட்டும் போகட்டும் என்று சொல்வதற்குச் சமம்.

உள்ளே போனபிறகும் கதை முடிவதில்லை. முதல் வருஷத்தில் உடற்கூறியல் பாடத்தில் அரியர் விழுந்தால், 'கோட்டால வந்தவன்தானே' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். 2019இல் மும்பை நாயர் மருத்துவமனையில் பட்டமேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த பழங்குடி டாக்டர் பாயல் தட்வியை இழந்ததை மறக்க முடியாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று மூன்று சீனியர் டாக்டர்கள் மேல் வழக்கு. வாசலைத் தாண்ட வைப்பதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்தால் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

நம் தெருக்களில் எத்தனையோ மருத்துவச்சிகள் இருந்தார்கள். ஊர்ப் பிரசவத்துக்கு நம் பாட்டிகளைக் கூப்பிட்டார்கள். கத்தரித்த தொப்புள்கொடிக்குத் தீட்டு இல்லை, அந்தக் கைக்கு மட்டும் தீட்டு. அந்தக் கையின் பேத்தி இன்றைக்கு ஸ்டெதாஸ்கோப் பிடிக்கக் கேட்கிறாள். முதல் தடவையில் தரமாட்டேன் என்றால் ரெண்டாவது தடவை கேட்பாள். அவள் மறுபடி கேட்பதற்கான சோறும் இடமும் நாளும் நம் பொறுப்பு.